ரத்தத்தில் கரையாதது

கங்காதரனைப் பார்க்க வந்த டாக்டரம்மா, கங்காதரனை விட்டுவிட்டு வனஜாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சுவலி என்று அவனைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்து அது ஐந்தாவது நாள். அப்பாவைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்த ஒன்பது வயது மகளை வசந்தா அன்றுதான் முதல்முறையாக வார்டுக்குள் கூட்டிவந்திருந்தாள். வனஜா கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா அந்தக் கையை மெல்ல எடுத்து, விரல்களை விரித்து, சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். விரல் மூட்டுகளின் மேலும் விரல் இடுக்கிலும் துவரம்பருப்பை ஒட்டவைத்தாற்போல் மஞ்சள் மஞ்சளாக முடிச்சுகள்.

வசந்தாவுக்குப் பயம் வருவதற்கு முன்னால் வெட்கம் வந்தது. அந்தக் கைகளுக்காகவே மகளுக்கு முழுக்கை வைத்த சட்டையாகத் தைத்துப் போடுகிறவள் அவள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று பிள்ளைகள் சொன்ன பிறகு ஆரம்பித்த பழக்கம்.

"இது எப்போலேர்ந்து இருக்கு?"

"மூணு வயசுலேர்ந்துங்க. பாலுண்ணின்னாங்க. ஆவடியில தோல் டாக்டர் களிம்பு குடுத்தாரு. கோயில்ல உப்பும் மொளகும் கூட கொட்னோம். போவல."

டாக்டரம்மா வனஜாவின் முழங்கையை மடக்கிப் பார்த்தார். பாவாடையைக் கொஞ்சம் தூக்கி முழங்காலைப் பார்த்தார். பிறகு வார்டில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்பை இரண்டு விரலால் பிடித்துத் தடவினார். எழுந்ததும் சட்டைப்பையிலிருந்த சின்ன விளக்கை எடுத்துக் கண்ணில் அடித்தார். கருவிழியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம் ஒன்று இருப்பதை வசந்தாவும் அப்போதுதான் பார்த்தாள். கடைசியாக நெஞ்சில் குழலை வைத்தார். கங்காதரன் நெஞ்சில் வைத்ததைவிட அதிக நேரம் வைத்திருந்தார்.

"இன்னா டாக்டர், பேஷண்டு நான். நீங்க பாப்பாவைப் பாத்துகினு கீறீங்க" என்றான் கங்காதரன், படுத்தபடியே. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தத்தில பண்ணிக்கிட்டவங்களா?"

"எங்கம்மாகூடப் பொறந்த தம்பிதாங்க இவரு. தாய்மாமன்" என்றாள் வசந்தா.

டாக்டரம்மாவின் கையிலிருந்த பேனா எழுதாமல் அப்படியே நின்றது. மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு இருவரும் வரவேண்டும், குழந்தைக்கும் உங்களுக்கும் ரத்தம் எடுக்கவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கங்காதரனுக்கு முப்பத்தொன்பது வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் மிஷின் ஓட்டுகிறவன். சொட்டுக் கொழுப்பு இல்லாத ஒல்லி உடம்பு. சைக்கிளில் பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் போய்த் திரும்புகிறவன். அன்றைக்கு மிஷின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கேஸ் என்று நினைத்து யாரோ சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சோடாவைக் குடித்து முடிப்பதற்குள் சட்டை தண்ணீரில் முக்கியதுபோல் வியர்த்து நனைந்துவிட்டது. கம்பெனி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பிழைத்ததே பெரிய விஷயம் என்று எல்லோரும் சொன்னார்கள். வசந்தாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள், டாக்டரம்மா தரையில் உட்காரும் வரைக்கும்.

ரத்தம் எடுத்த மூன்றாம் நாள், வனஜாவை அப்பா பக்கத்தில் விட்டுவிட்டு வரச் சொல்லி, டாக்டரம்மா வசந்தாவைத் தனியாக ஓர் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேசைமேல் மூன்று சீட்டுகள் இருந்தன. இருநூறுக்குள் இருக்கவேண்டிய ரத்தக் கொழுப்பு கங்காதரனுக்கு முந்நூற்று அறுபத்தைந்து. வசந்தாவுக்கு முந்நூற்று நாற்பது. வனஜாவுக்கு அறுநூற்று எண்பது.

"கொலஸ்ட்ரால்னா விஷம்னு நினைச்சுக்காதீங்க. அது இல்லாம உடம்பு இல்ல. ஆனா அது கொழுப்பு. ரத்தம் தண்ணி மாதிரி. எண்ணெய் தண்ணியில கரையுமா? கரையாது. அதனால ஈரல் அதைச் சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டி ரத்தத்தில அனுப்புது. தேவைப்பட்ட இடத்தில எடுத்துக்குவாங்க. மிச்சம் வர்ற பொட்டலத்தை ஈரலே திரும்ப உள்ள இழுத்துக்கணும். அப்படி இழுக்கறதுக்கு ஈரல்மேல கொக்கி மாதிரி ஒண்ணு இருக்கு. ஒண்ணில்ல, லட்சக்கணக்குல இருக்கு."

வசந்தா தலையாட்டினாள். அவளுக்கு அது விளங்கியது. அவள் வேலை பார்க்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் பிரிவிலிருந்து சட்டைகள் பண்டல் பண்டலாகச் செக்கிங் மேசைக்கு வரும். மேசையில் கை இருந்தால் பண்டல் உள்ளே போகும். பத்துப் பேர் லீவு போட்ட நாளில் வந்த பண்டலை எடுக்க ஆள் இருக்காது. நடைவழி முழுக்க அடைந்து, கடைசியில் மனுஷர் நடக்கவே இடம் இருக்காது.

"எடுக்க ஆளு இல்லன்னா வழியிலயே குவிஞ்சுடும்" என்றாள்.

டாக்டரம்மா அவளை ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தார். "அதேதான். ரத்தக்குழாய் சுவத்துக்குள்ள போய்த் தங்கிடும். இதயத்துக்குப் போற குழாய் ரொம்பச் சின்னது. உள்ள தங்கித் தங்கி ஒருநாள் அந்த இடம் வெடிச்சு, அதுமேல ரத்தம் உறைஞ்சு வழியை மூடிடும். உங்க வீட்டுக்காரருக்கு நடந்தது அதுதான். தோல்ல தங்கினா இந்த மாதிரி முடிச்சு. கொக்கி செய்யறதுக்கு அப்பாகிட்டேருந்து ஒரு அச்சு, அம்மாகிட்டேருந்து ஒரு அச்சு நமக்கு வருது. உங்க வீட்டுக்காரருக்கு ஒரு அச்சு பழுது. பாதிக் கொக்கிதான் இருக்கு. உங்களுக்கும் ஒண்ணு பழுது. ஒரே குடும்பத்து அச்சு. குழந்தைக்கு ரெண்டு பக்கத்திலிருந்தும் பழுதானதே வந்திருக்கு."

"அவ கறியே துன்னமாட்டாங்க. முட்டை வாசனையே ஆவாது அவளுக்கு."

"சாப்பாட்டால வந்ததில்லம்மா. நீங்க எதுவும் தப்பாக் குடுக்கல."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் டாக்டரம்மாவின் காலில் விழுந்திருப்பாள். ஆனால் அதற்குள் அவர் அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். இதயத்திலிருந்து வெளியே போகும் வாசலில் சத்தம் கேட்கிறது, அங்கேயும் படிந்து சுருங்கியிருக்கிறது, இதய ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் காட்டவேண்டும் என்றார். பொடி மருந்து ஒன்று இருக்கிறது, தண்ணீரில் கலக்கிக் குடிக்கவேண்டும் என்றார். இப்போது புதிதாக ஒரு மாத்திரையும் வந்திருக்கிறது, வசந்தாவுக்கும் கங்காதரனுக்கும் அது நன்றாகவே கேட்கும்.

"பாப்பாவுக்கு?"

"அந்த மாத்திரை செய்யறதே, ஈரல்மேல கொக்கியை அதிகமா முளைக்க வைக்கறதுதான். அவளுக்கு..." என்று சொல்லி டாக்டரம்மா மூன்று சீட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "எத்தனை வயசு வரைக்கும்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

வசந்தா அதைக் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு வந்த பதில் என்பதால் அது நேராக உள்ளே இறங்கியது. நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க குடும்பத்தில வேற யாராவது சொந்தத்தில கல்யாணம் பண்ணிக்கப் போறாங்களா?"

"இல்லங்க" என்றாள் வசந்தா.

எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னாள் என்று சென்ட்ரலில் ரயில் ஏறிய பிறகும் அவளுக்கே தெரியவில்லை. மடியிலிருந்த பையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு இருந்தன. வழியில் வில்லிவாக்கத்திலும் கொரட்டூரிலும் கொடுப்பதற்காக அம்மா ராஜம்மா கொடுத்தனுப்பியவை. அவள் தம்பி சம்பத்துக்கும், மாமன் மகள் சாமுண்டீஸ்வரிக்கும் வைகாசி இருபதாம் தேதி கல்யாணம். பதினாறு நாள் இருந்தது.

சாமுண்டியின் அப்பா வீராசாமி, கங்காதரனுக்கு அண்ணன். ராஜம்மாவுக்குப் பெரிய தம்பி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில், தண்ணீர் குடிக்கக் குனிந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். நாற்பத்தொரு வயது. அப்போது கூட இருந்தவன் சம்பத். மாமன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வருகிற பஸ்களை எல்லாம் கைகாட்டி நிறுத்தப் பார்த்த அந்தப் பையன் ஒரு மாதம் யாரிடமும் பேசவில்லை. வீராசாமியைக் கிடத்தியிருந்த இடத்தில் வைத்துத்தான் ராஜம்மா, உன் பெண்ணை என் வீட்டு மருமகளாக்குகிறேன் என்று ஊரறியச் சொன்னாள். அதற்கும் முன்னால், ராஜம்மாவுக்கும் இரண்டு தம்பிகளுக்கும் அப்பாவான சின்னப்பையன் என்பவர், குத்தம்பாக்கத்தில் ரெட்டியார் கழனியில் நாற்றுக்கட்டு தூக்கும்போது விழுந்து போனார். நாற்பத்து நாலு வயது.

கழனியில் விழுந்தவரை வெயில் அடித்தது என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் விழுந்தவனுக்கு யாரோ செய்வினை வைத்தார்கள் என்றார்கள். கங்காதரனுக்கு ஓவர்டைம் என்றார்கள். நாற்பத்து நாலு, நாற்பத்தொன்று, முப்பத்தொன்பது. ரயில் அம்பத்தூரைத் தாண்டும்போது வசந்தா அந்த எண்களைத் தனக்குள் சொல்லிப் பார்த்து, அடுத்த எண் என்ன என்று யோசித்த கணத்தில், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த வனஜாவின் வாயருகே கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பத்திரிகைகளை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை.

கங்காதரனிடம் சொல்ல முடியாது. மனசு அதிர்கிற மாதிரி எதுவும் அவர் காதில் விழக்கூடாது என்று வார்டு நர்ஸ் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனோ பார்க்கப் போகும்போதெல்லாம் கல்யாணப் பேச்சையே எடுத்தான். "அண்ணன் இல்லாத எடத்துல நான்தான் சாமுண்டியைத் தாரை வார்த்துக் குடுக்கணும். அதுக்குள்ள உட்ருவாங்களா, கேளு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கி அந்த டாக்டரம்மா பாப்பா கைய எதுக்குப் பாத்தாங்க?" என்றான். "தோலு வியாதிக்கு மருந்து எழுதித் தந்துகீறாங்க" என்றாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை நசரத்பேட்டைக்குப் போனாள். ராஜம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாண அரிசி. ஐம்பத்து மூன்று வயதிலும் நிமிர்ந்த உடம்பு. இரண்டு கண்களின் உள்ளோரத்திலும் இமைமேல் மஞ்சள் குழைத்து வைத்ததுபோல் சின்னத் திட்டு. சின்ன வயதில் வசந்தா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். லட்சுமி களை என்று ஊரில் பேர். இன்றைக்கு அதைத் தொட அவளுக்குக் கை நீளவில்லை. வனஜாவின் விரல் முடிச்சில் இருப்பதும் இதே மஞ்சள்தான்.

எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா சொன்ன வரிசையிலேயே சொன்னாள். ராஜம்மா முறத்தை நிறுத்தாமல் கேட்டாள்.

"கண்ணாலத்தை நிறுத்தச் சொல்லலம்மா. ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இல்லன்னாலும் போதும். ரெண்டு பேருக்கும் இருந்துச்சின்னாதான்..."

"பொண்ணு ஊட்டுக்குப் போயி, உன் பொண்ணு ரத்தத்தைக் காட்டுன்னு கேக்கச் சொல்றியா?"

"ஊரு ஊடுன்னு பாத்துகினு இருந்தா வனஜா மாதிரி இன்னொண்ணு பொறக்கும்."

முறம் நின்றது. ராஜம்மா அதைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உன்ன என் தம்பிக்குக் குடுத்தது யாரு? நான். நீ மாட்டேன்னு அழுத. அடிச்சிக் குடுத்தேன். அப்போ வனஜாவை இந்த மாதிரிப் பண்ணது நான்தான்னு சொல்ல வந்துகீற. அத்த நேரா சொல்லு."

வசந்தா வாயைத் திறந்தாள். இல்லம்மா என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்வதற்காகத்தான் திறந்தாள். ஆனால் சத்தம் வரவில்லை, வராத சத்தத்தை அம்மா கேட்டுவிட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ராஜம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குருவிகள் இறங்கி முறத்திலிருந்த அரிசியைக் கொத்த ஆரம்பித்தன. வசந்தா அவற்றை விரட்டக்கூடச் செய்யாமல் நின்றுவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

சாமுண்டி வசந்தாவின் கம்பெனியிலேயே பட்டன் பிரிவில் வேலை செய்தாள். வசந்தாதான் சேர்த்துவிட்டது. இருபத்தொரு வயது, வேகமான கை, அதைவிட வேகமான வாய். கல்யாணம் நிச்சயமானதிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் தோழிகள் அவளைச் சுற்றியே உட்கார்ந்தார்கள். வசந்தா அவளைத் தனியாகப் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இந்தத் தடவை வரிசையாகச் சொல்ல வரவில்லை. நடுவிலிருந்து ஆரம்பித்து, பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தாள். வீராசாமி மாமா பேர் வந்தபோது சாமுண்டி தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க நைனாவுக்கும் அதானா?"

"அதாத்தான் இருக்கும்."

சாமுண்டி வலது காலிலிருந்த செருப்பைக் கழற்றி, காலைத் திருப்பி, குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்பைக் காட்டினாள். அது கயிறுபோல் தடித்து, நடுவில் ஒரு முடிச்சு புடைத்திருந்தது.

"செருப்பு தேய்ச்சிதுன்னு நெனச்சிகினு கீறேன் சித்தி. ரெண்டு வருசமா."

வசந்தா அதைத் தொட்டாள். டாக்டரம்மா தொட்டதுபோலவே இரண்டு விரலால் தொட்டாள். சோதனை எதுவும் இனிமேல் வேண்டியிருக்கவில்லை. சாமுண்டிக்கு இருக்கிறது. மிச்சம் சம்பத்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. சாமுண்டி எழுந்திருக்கவில்லை. "அவருகிட்ட சொன்னியா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றதும், "நானும் வரேன்" என்றாள்.

சம்பத் ஆவடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் இருந்தான். சாயங்காலம் இருவரும் போய் நின்றபோது ஒரு கிரில் கதவை முடித்துக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு முன்னால் சாமுண்டி இப்படி வந்து நிற்பது சரியில்லை என்று அவன் முகம் முதலில் கோணியது. விஷயத்தைக் கேட்டதும் கோணல் வேறு மாதிரி ஆகியது.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நூறு கிலோ கேட்டைத் தனியாத் தூக்கறேன்."

"நம்ம பெரிய மாமனும் தூக்கினவருதான்டா."

"அந்தப் பேச்சை எடுக்காத." அவன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே போட்டான். "அந்த டாக்டரம்மா சொன்னாங்கன்றியே, நாலு கொழந்தைல ஒண்ணுக்குதான வரும்? ஒண்ணுதான?"

"அந்த ஒண்ணு என் ஊட்ல கீதுடா."

சம்பத் தரையைப் பார்த்தான். அவன் பயந்திருக்கிறான் என்பது வசந்தாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கல்யாணம் நின்றுபோகும் என்ற பயமாக அது தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் மடியில் கிடந்த தலையின் கனம் அவனுக்கு இன்னும் இறங்கவில்லை. ரத்தம் எடுத்துவிட்டால், தனக்கும் ஒரு தேதி எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்கிறான்.

சாமுண்டி ஒரு எட்டு முன்னால் வந்தாள். எப்போதும் மாமா மாமா என்று கூப்பிடுகிறவள் அன்றைக்கு அப்படிக் கூப்பிடவில்லை.

"எனக்குக் கீது. அது தெரிஞ்சிபோச்சி. உனக்கு இல்லன்னு சீட்டு வந்தா நான் மணையில குந்துவேன். நீ ரத்தம் குடுக்கலன்னா குந்தமாட்டேன். பத்திரிகை அடிச்சிட்டாங்க, அரிசி வாங்கிட்டாங்கன்னு எங்கிட்ட வராதீங்க."

"இருந்துச்சின்னா?"

சாமுண்டி திரும்பி வசந்தாவைப் பார்த்தாள். பாதி முடிந்த கிரில் கதவு இன்னும் சூடு ஆறாமல் டிக் டிக்கென்று சுருங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள், வியாழக்கிழமை காலையில், பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டிலிருந்த சின்ன லேப் வாசலில் சாமுண்டிக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தான். லேப் வைத்திருந்த தேவராஜ் இருவருக்கும் ரத்தம் எடுத்தான். ஊசி இறங்கும்போது சம்பத் கண்ணை மூடிக்கொண்டான். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சீட்டு கிடைக்கும் என்றான் தேவராஜ். இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். சீட்டை நான் வாங்குகிறேன் என்று வசந்தா சொல்லியிருந்தாள்.

அன்று பகல் முழுக்க அவள் பார்த்த சட்டைகளில் எத்தனை பழுதுகள் தப்பிப் போயினவோ. ஒரு காலரில் நூல் பிரிந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே பாஸ் என்று முத்திரை குத்தினாள். சூப்பர்வைசர் ரகுநாதன் இரண்டு தடவை வந்து, உடம்பு சரியில்லையென்றால் போ என்றார். மூன்றாவது தடவை அவர் சொல்வதற்கு முன்னால் கிளம்பிவிட்டாள்.

லேப்புக்கு வந்தபோது நாலேமுக்கால். தேவராஜ் சீட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். முன்னால் இருந்த மர பெஞ்சில் ராஜம்மா உட்கார்ந்திருந்தாள்.

வசந்தா வாசல்படியிலேயே நின்றாள். சண்டை போட வந்திருக்கிறாளா, சீட்டைக் கிழிக்க வந்திருக்கிறாளா என்று தெரியவில்லை. ராஜம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி கையிலிருந்த குடைக்காம்பைப் பார்த்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"எப்ப வந்தம்மா?"

"மத்தியானம். சம்பத்து எடத்தைச் சொன்னான்."

தேவராஜ் இரண்டு கவரை நீட்டினான். வசந்தா வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு பிரித்தாள். முதலில் வந்தது சாமுண்டியுடையது. முந்நூற்று எண்பத்தெட்டு. எதிர்பார்த்ததுதான். இரண்டாவது கவரின் ஒட்டு பிரிய மறுத்தது. ஓரத்தைக் கிழித்தபோது உள்ளே இருந்த தாளும் கொஞ்சம் கிழிந்தது.

நூற்று எழுபத்தொன்று.

மறுபடியும் பார்த்தாள். பெயரைப் பார்த்தாள். வயதைப் பார்த்தாள். "இது சரிதானாங்க?" என்று தேவராஜிடம் கேட்டாள். அவன் அவளைவிட மெதுவாக, "ரெண்டு தபா போட்டுப் பாத்தேன்மா. அந்தப் பொண்ணுக்கு அவ்ளோ வந்துச்சேன்னு" என்றான்.

சந்தோஷம் வரவேண்டும் என்று அவள் காத்துக்கொண்டு நின்றாள். வந்தது வேறொன்று. ஒரே வயிறு. ஒரே பால். அம்மாவிடம் ஒரு நல்ல அச்சும் ஒரு பழுதான அச்சும் இருந்திருக்கின்றன. நல்லது அவனுக்குப் போயிருக்கிறது, மற்றது தனக்கு. மாறி வந்திருந்தால் வனஜாவின் கைகள் மற்றப் பிள்ளைகளின் கைகள் மாதிரி இருந்திருக்கும். மருந்துக்கு ஏதோ பிடிமானம் இருந்திருக்கும். சின்ன வயதில் தீபாவளிச் சட்டைக்காகத் தம்பிமேல் வந்த அதே ஆத்திரம், முப்பத்தொரு வயதில், நடுரோட்டைப் பார்த்து நிற்கும்போது, மறுபடி வந்தது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பெங்களூர்ப் பக்கம் போகும் லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலைந்து லாரி போனது. பிறகுதான் சீட்டுகளை மடித்துக் கவருக்குள் வைத்தாள்.

"இன்னா போட்டுகீது?" என்றது பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

வசந்தா வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "சம்பத்துக்கு இல்ல. கண்ணாலம் நடத்தலாம்மா. வனஜா மாதிரி ஆவாது."

"சாமுண்டிக்கு?"

ஒரு நொடி பொய் சொல்லலாமா என்று தோன்றியது. நாளைக்கு மாமியாராகப் போகிறவள் கேட்கிறாள். "கீது" என்றாள்.

வீராசாமியின் முகம் ராஜம்மாவுக்குள் வந்துபோவது வசந்தாவுக்குத் தெரிந்தது.

"மாத்திரை கீதுன்னியே."

"கீது. தெனம் போடணும். நிறுத்தக்கூடாது."

"நான் பாத்துக்கறேன்" என்றாள் ராஜம்மா. அவ்வளவுதான். பிறகு குடையைப் பெஞ்சில் சாய்த்துவைத்துவிட்டு எழுந்து, தேவராஜின் மேசை முன்னால் இருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்கும் எடு நைனா."

"சாயங்காலம் ஆயிடுச்சேம்மா. காலையில வெறும் வயித்துல வரணும்."

"வெறும் வயிறுதான். காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல."

தேவராஜ் வசந்தாவைப் பார்த்தான். வசந்தா எழுந்து அம்மா பக்கத்தில் போய் நின்றாள்.

"உனக்கு எதுக்கும்மா இப்ப?"

"எனக்கு இல்லன்னு வந்தாலும் வரும்ல?" ராஜம்மா அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். "உங்க நைனா பக்கத்துலருந்துகூட உனக்கு வந்திருக்கலாம்ல?"

வசந்தாவின் அப்பாவுக்கு எழுபது வயது. அந்த நேரம் திருமழிசைச் சந்தையில் மாட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பார். அவர் அம்மா தொண்ணூறு வரை இருந்தவள். அம்மாவின் கண்ணோரத்திலோ, அந்த மஞ்சள் திட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில், புதிதாகத் தடவியதுபோல் பளிச்சென்று தெரிந்தது.

"வரலாம்மா" என்றாள் வசந்தா.

தேவராஜ் ரப்பரை எடுத்து முழங்கைக்கு மேலே இறுக்கினான். கையை மூடிக்கொள்ளச் சொன்னான். கண்ணாடி வளையல்கள் மேலே ஏறி ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டன. ராஜம்மாவின் விரல்கள் சரியாக மூடாததால் வசந்தா தன் கையால் அவற்றை மடக்கிச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியது. கோழி அறுப்பதைக்கூடப் பார்க்க முடியாமல் கொல்லைக்கு ஓடிவிடுகிறவள், இப்போது தலையைத் திருப்பவில்லை. கண்ணாடிக் குழலுக்குள் கரும்சிவப்பாக ஏறிக்கொண்டிருந்த ரத்தத்தை, குனிந்து, இமைக்காமல், அதில் எங்கேயாவது ஏதாவது மிதந்து வருகிறதா என்று தேடுகிறவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.